கீரை எங்கே போகிறது?

அவளை வகுப்பில் எல்லாரும் ‘துப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எது நடந்தாலும் “இதுல ஏதோ இருக்கு” என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு துப்புத் தேடக் கிளம்பிவிடுவாள். கரும்பலகை துடைக்கும் துணி காணாமல் போனாலும் சரி, கணக்கு டீச்சர் காரணம் இல்லாமல் சிரித்தாலும் சரி, அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அந்தப் பெயரில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. சாப்பிடும் நேரத்தில் யாராவது அவளைக் கூப்பிட்டால் வம்புதான்.

அன்று மதியம் அப்படித்தான் ஆயிற்று.

“துப்பு!” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேடியோ. ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

அவள் வாயில் அப்போது ஒரு கவளம் சீனக் கீரை இருந்தது. அவன் கூப்பிட்டானா, கட்டளை போட்டானா? கட்டளை என்றே எடுத்துக்கொண்டாள். கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய், சத்தமில்லாமல் துப்பினாள். அத்தை தைத்துக் கொடுத்த கைக்குட்டை அது. மூலையில் ஒரு மஞ்சள் வாத்து இருக்கும். வாத்தின் முகமெல்லாம் கீரை அப்பிக்கொண்டது.

“எதுக்குடா கூப்பிட்டே?”

“சும்மாதான். இந்தக் கீரை நிஜமாவே கீரைதானான்னு கேட்கலாம்னு.”

நியாயமான கேள்வி. பள்ளி வாசலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்போது அந்தக் கீரை அழகாகத்தான் இருக்கும். அடியில் வெள்ளை வெளேரென்று தடித்த தண்டு, கரண்டி மாதிரி வளைந்திருக்கும். மேலே பளபளக்கும் கரும்பச்சை இலை. அதற்கு ‘பாக் சோய்’ என்று பெயர். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் அதன் படத்தை வரைந்து மாட்டியிருந்தார். படத்துக்குக் கீழே, எலும்புக்குக் கால்சியம், கண்ணுக்கு வைட்டமின் ஏ, காயம் ஆற வைட்டமின் சி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

ஆனால் தட்டுக்கு வரும்போது அது வேறு ஏதோவாக மாறியிருக்கும். சாம்பல் நிறம், கொழகொழப்பு, நனைந்த துணி மாதிரி ஒரு வாசனை.

“சுவர்ல இருக்கிறது ஒண்ணு, தட்டுல இருக்கிறது ஒண்ணு. நடுவுல யாரோ மாத்திடறாங்க” என்றாள் துப்பு.

இருவரும் ஒரே நேரத்தில் சமையலறை வாசலைப் பார்த்தார்கள்.

வாசலில் புதுச் சமையல்காரர் நின்றிருந்தார். உயரமானவர். எல்லாரும் அவரை ‘நெட்டை மாமா’ என்பார்கள். பள்ளிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவர் பக்கத்திலேயே குப்பை வாளி இருந்தது. சாப்பிட்டு முடித்த ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் தட்டை வைக்க வேண்டும்.

“சபாஷ்! ஒரு இலைகூட மிச்சம் இல்லையே!” என்று ஒவ்வொரு தட்டையும் பார்த்து மகிழ்ந்துபோனார் நெட்டை மாமா. “உங்களுக்கு இவ்வளவு பிடிக்கும்னு தெரியாமப் போச்சே. நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடப் போடறேன்!”

சொன்னபடியே செய்தார். முதலில் ஒரு கரண்டி போட்டவர் பிறகு இரண்டு கரண்டி போட்டார். இப்போது சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மலையே நின்றது.

துப்புவின் தலைக்குள் மணி அடித்தது.

‘எல்லாரும் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. ஆனா எல்லார் தட்டும் காலி. அப்போ கீரை எங்கே போகுது?’

மறுநாளிலிருந்து அவள் சோற்றைவிட மற்றவர்களின் கைகளைத்தான் அதிகம் கவனித்தாள்.

முன்வரிசைப் பெண் பென்சில் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். சாப்பாட்டு நேரத்தில் பென்சில் எதற்கு? இரட்டைப் பிறவி அண்ணன் தம்பியில் அண்ணன் திடீரென்று “அங்க பாரு, பல்லி!” என்று கத்தினான். எல்லாரும் மேலே பார்த்த நேரத்தில் தம்பியின் மழைக்கோட்டுப் பை உப்பியது. வெளியே நல்ல வெயில். அவனுக்கு எதற்கு மழைக்கோட்டு?

“ரேடியோ, உன் சாக்ஸ் ஏன் பச்சையா இருக்கு?”

“புது ஃபேஷன்” என்றான் ரேடியோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். கூடத்துக்குப் பின்னால் இருந்த கை கழுவும் தொட்டி. அதன் துளையை மூடியிருந்த சல்லடை எப்போதோ உடைந்துபோயிருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, பெட்டியையோ பையையோ சாக்ஸையோ உதறினால் போதும். தண்ணீர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும்.

துப்புவும் அங்கே கைக்குட்டையை உதறிக்கொண்டுதான் நின்றாள். ‘நான் கொஞ்சம்தானே போடறேன்’ என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் உதறிய வேகத்தில் கைக்குட்டையே நழுவி, வாத்தோடு சேர்ந்து துளைக்குள் போய்விட்டது.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வெள்ளிக்கிழமை வந்தது. அன்று அவள் சமையலறை ஜன்னல் பக்கமாக நடந்துபோனாள். உள்ளே நெட்டை மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் சோறு இருந்தது, முட்டை இருந்தது. கீரை இல்லை. பாத்திரம் கழுவும் அக்கா, “உங்களுக்குக் கீரை வேண்டாமாண்ணே?” என்று கேட்டார். நெட்டை மாமா தேள் கொட்டியவர் போலத் துள்ளி, “ஐயோ, வேண்டாம்மா!” என்றார்.

துப்பு ஓடிப்போய் ரேடியோவிடம் சொன்னாள்.

“தான் சாப்பிடாததை நமக்கு ஏன் மலை மலையாப் போடறார்?”

ரேடியோவின் கண்கள் விரிந்தன. “அதுல ஏதாவது மருந்து கலக்கறாரோ?”

“நான் அப்படிச் சொல்லல. சந்தேகமா இருக்குன்னுதான் சொன்னேன்.”

ஆனால் ரேடியோவிடம் சொன்னது ஊருக்கே சொன்ன மாதிரி. மாலைக்குள் அந்தச் சேதிக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. நெட்டை மாமா பழைய இடத்தில் யாரையோ மயக்கம் போடவைத்தாராம். அந்தப் பாத்திரம் கழுவும் அக்காவும் அதற்குக் கூட்டாம். துப்பு சொல்லாத எல்லாவற்றையும் துப்பு சொன்னதாக எல்லாரும் பேசினார்கள்.

அடுத்த வாரத் தொடக்கத்தில், கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது துப்புவின் காலடியில் ஏதோ ஜில்லென்றது. குனிந்து பார்த்தாள். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு கரும்பச்சை இலை, யாரும் கூப்பிடாமலே வகுப்புக்குள் மிதந்து வந்தது.

அதற்குப் பிறகு ஒரே களேபரம். கை கழுவும் தொட்டி பொங்கி வழிந்து, நடைபாதை முழுக்கத் தண்ணீர். நூலக அறையில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறி உப்பிப்போயிருந்தன. பெரிய டீச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர் அவர். அன்று குரல் உயர்ந்துவிட்டது.

“ஏம்மா, மிச்சத்தைக் குழாயில கொட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

பாத்திரம் கழுவும் அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். “நான் கொட்டலங்க டீச்சர். தட்டெல்லாம் காலியாத்தாங்க வருது. கொட்டறதுக்கு என்னங்க இருக்கு?”

“தட்டு காலி. குழாய் நிறையக் கீரை. அப்போ அது தானா நடந்து போச்சா?”

“பிள்ளைங்க ஒரு இலைகூட விடறதில்ல டீச்சர். நான் கண்ணால பார்க்கறேன்!” என்றார் நெட்டை மாமா. அக்காவுக்கு உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் அது தலைகீழாகப் போய்விட்டது.

“பிள்ளைங்க எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாங்கன்னா, பானையில மிஞ்சினதைத்தான் இவங்க கொட்டியிருக்கணும்” என்றார் பெரிய டீச்சர். “புத்தகமெல்லாம் போச்சு. உண்மையையும் சொல்ல மாட்டேங்கறீங்க. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்.”

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வகுப்பு முழுவதும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பெண் தன் கால் விரல்களைப் பார்த்தாள். இரட்டையர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரேடியோ வாயே திறக்கவில்லை.

துப்புவின் அப்பா குழாய் வேலை செய்கிறவர். அன்று பள்ளிக்கு அடைப்பு எடுக்க வந்தவரும் அவர்தான். அவள் வீட்டுக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்தார். கையில் பெட்டி, சட்டையெல்லாம் சேறு. குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

துப்பு தண்ணீர் எடுக்கக் கொல்லைப்புறம் போனாள். கொடியில் அப்பாவின் சட்டைக்குப் பக்கத்தில் ஒரு கைக்குட்டை காய்ந்துகொண்டிருந்தது. மூலையில் மஞ்சள் வாத்து.

அவள் மெதுவாக உள்ளே வந்தாள். அப்பா நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா... அந்தக் கைக்குட்டை...”

“குழாய் வளைவுல மாட்டிட்டு இருந்துச்சு” என்றார் அப்பா. “வாத்துக்கு நல்லா நீச்சல் தெரியுது.”

அவ்வளவுதான். திட்டு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. திட்டு வராதது இன்னும் பயமாக இருந்தது. அப்பாவுக்கு எவ்வளவு தெரியும்? எல்லாம் தெரியுமா? தெரிந்துகொண்டே பேசாமல் இருக்கிறாரா?

“பெரிய டீச்சர்கிட்ட சொன்னீங்களாப்பா?”

“என் வேலை அடைப்பை எடுக்கறது. எடுத்துட்டேன்.” ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “அந்தப் பாத்திரம் கழுவறவங்க, நான் முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சாங்க. ‘நான் கொட்டலண்ணே, நான் கொட்டலண்ணே’ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் என்ன நீதிபதியா?”

இதுவரை துப்பு எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். தன்னையே சந்தேகப்பட்டது இதுதான் முதல் தடவை.

‘நான் உண்மையைச் சொன்னா, எல்லாரும் மாட்டுவாங்க. காட்டிக் கொடுத்தவள்னு யாரும் என்கூடப் பேச மாட்டாங்க. சொல்லலைன்னா, அக்கா...’

காலையில் அப்பா தொட்டிக்குப் புதுச் சல்லடை பொருத்தப் பள்ளிக்குக் கிளம்பினார். “நானும் வரேன்” என்று துப்பு, கொடியிலிருந்த கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டாள்.

பள்ளி மணி அடிக்க நிறைய நேரம் இருந்தது. வாசல் மரத்தடியில் பாத்திரம் கழுவும் அக்கா உட்கார்ந்திருந்தார். சமையலறையில் விட்டுப்போன தன் சாமான்களை எடுக்க வந்திருந்தார் போல. உள்ளே போக மனம் வராமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துப்பு தலையைக் குனிந்துகொண்டு அவரைக் கடந்து, நேராகச் சமையலறைக்குப் போனாள்.

நெட்டை மாமா மட்டும் இருந்தார். அடுப்பில் பெரிய பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தரையில் கீரைப் பெட்டிகள். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்?”

துப்பு கண்ணைச் சுருக்கினாள். “மாமா, ஒண்ணு கேட்கணும். நீங்க ஏன் இந்தக் கீரையைச் சாப்பிடறதில்ல?”

அவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. வாசலை எட்டிப் பார்த்தார், ஜன்னலை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “யார் சொன்னா?” என்றார்.

“நானே பார்த்தேன்.”

“யார்கிட்டயும் சொல்லிடாதே தாயே!” என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். “எனக்கு அது பிடிக்கல. வாயில வச்சாலே குமட்டுது. இதுக்கு முன்னாடி கட்டட வேலைக்காரங்களுக்குச் சமைச்சுட்டு இருந்தேன். உருளைக்கிழங்கு, முட்டை, சோறு, அவ்வளவுதான். இந்தக் கீரையை நான் பார்த்ததே இங்க வந்துதான். எப்படிச் சமைக்கறதுன்னு யாரைக் கேட்கறது? தெரியாதுன்னு சொன்னா வேலையை விட்டு அனுப்பிட்டா? அதான், வேகாம உங்க வயித்தைக் கெடுத்துடக் கூடாதுன்னு காலையில பானையில போட்டா மதியம் வரைக்கும் வேகவிடறேன்.”

துப்பு சாம்பல் நிறத்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை.

“ஆனா உங்களுக்கெல்லாம் பிடிச்சிருக்கே!” நெட்டை மாமாவின் முகம் மலர்ந்தது. “ஒவ்வொரு தட்டும் காலியா வரும்போது என் மனசு நிறைஞ்சுபோகும். நமக்குப் பிடிக்காட்டா என்ன, பிள்ளைங்க ஆசையா சாப்பிடறாங்களேன்னு.”

எப்படிச் சொல்வது? துப்பு தரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

“மாமா, தட்டு காலிதான். ஆனா எங்க வயிறும் காலிதான்.”

“புரியலையே?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கைக்குட்டையைக் காட்டினாள். மற்றவர்கள் எதில் ஒளித்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நெட்டை மாமா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபோதும் உயரமாகத்தான் இருந்தார், ஆனால் தோள் இரண்டும் தொங்கிப்போயிருந்தன. “அப்போ அந்தப் பொண்ணு சொன்னது உண்மை. நான்தான் உளறி அவளை மாட்டிவிட்டுட்டேன்.”

“நானும்தான் மாமா.”

துப்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானையை எட்டிப் பார்த்தாள்.

“வேகவச்ச தண்ணியை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள் துப்பு.

“கொட்டிடுவேன். ஏன்?”

“ரொம்ப நேரம் கொதிக்கவிட்டா வைட்டமின் சி வீணாப் போயிடும், பாதி தண்ணியிலயே இறங்கிடும்னு அறிவியல் டீச்சர் சொன்னாங்க.”

“அடக் கடவுளே! அப்போ சத்தெல்லாம் சாக்கடைக்குப் போச்சா?”

“தண்ணியும் அங்கதான் போச்சு, கீரையும் அங்கதான் போச்சு. நம்ம சாக்கடை ரொம்ப ஆரோக்கியமா இருக்கும் மாமா.”

நெட்டை மாமா சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் மூட்டையிலிருந்து கொஞ்சம் அரிசி உதிர்ந்தது.

துப்பு பெட்டியிலிருந்து ஒரு கீரையை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். நனைந்த துணி வாசனை இல்லை. தண்டின் நுனியைக் கொஞ்சமாகக் கடித்தாள். சரக்! வாயெல்லாம் தண்ணீர் தெறித்தது. லேசான இனிப்பு, பின்னால் துளி காரம்.

“மாமா, இது நல்லா இருக்கு! தண்டு தடியா இருக்கு, இலை மெல்லிசா இருக்கு. ரெண்டையும் ஒண்ணா போட்டா, தண்டு வேகறதுக்குள்ள இலை செத்துப்போகாதா?”

நெட்டை மாமா மூட்டையைவிட்டு எழுந்தார். “தனித்தனியா வெட்டச் சொல்றியா?”

“பார்க்கலாமே.”

அவர் தண்டுகளை விரல் அகலத்துக்கு நறுக்கினார். இலைகளைத் தனியே வைத்தார். வாணலியில் எண்ணெய் ஊற்றி, நசுக்கிய பூண்டைப் போட்டார். பூண்டு வாசனை வந்ததும் தண்டுகள் விழுந்தன. சளசளவென்று சத்தம். கொஞ்சம் பொறுத்து இலைகளையும் உப்பையும் போட்டு, இரண்டே புரட்டு புரட்டி இறக்கினார்.

இலை சாம்பலாகவில்லை. இன்னும் பளிச்சென்று பச்சையாகிவிட்டது.

இருவரும் ஆளுக்கு ஒரு வாய் எடுத்தார்கள். ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். “நீங்க முதல்ல” என்றாள் துப்பு. “இல்ல, நீ முதல்ல” என்றார் மாமா. கடைசியில் ஒன்றாகவே வாயில் போட்டார்கள்.

நற நற!

“மண்ணு!” என்று கத்தினார் மாமா.

துப்பு இன்னொரு கீரையை எடுத்து, அடிப்பகுதியைப் பிரித்துப் பார்த்தாள். கரண்டி மாதிரி குழிந்த ஒவ்வொரு தண்டின் அடியிலும் மண் ஒளிந்திருந்தது. “இங்கதான் இருக்கார் திருடர்! அடியை வெட்டிட்டு, ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் கழுவணும் மாமா.”

கழுவினார்கள். கழுவிய பாத்திரத்தின் அடியில் ஒரு பிடி மண் தங்கியது. மறுபடியும் எண்ணெய், பூண்டு, தண்டு, கடைசியில் இலை. இந்தத் தடவை கொஞ்சம் மிளகும் தூவினார்.

நெட்டை மாமா கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ஒரு கண்ணைத் திறந்தார். மறு கண்ணையும் திறந்தார். பேசாமல் இன்னொரு வாய் எடுத்தார். பிறகு இன்னொன்று.

“மாமா, எனக்குக் கொஞ்சம் வைங்க!”

“இந்தத் தண்டைச் சூப்புல போட்டா எப்படி இருக்கும்! நூடுல்ஸுக்கு இலையை மேல தூவிடலாம். கொஞ்சம் இஞ்சி சேர்த்தா...” அவர் கைகள் காற்றிலேயே சமைக்க ஆரம்பித்துவிட்டன. சட்டென்று நிறுத்தினார். “சரி. வா, பெரிய டீச்சர்கிட்ட போகலாம்.”

“நீங்க சமையலைப் பாருங்க மாமா. முதல்ல நான் பேசிட்டு வரேன்.”

அதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். பெரிய டீச்சர் தன் அறையில் ஊறிய புத்தகங்களை ஜன்னல் வெயிலில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். துப்பு மேஜைமேல் கைக்குட்டையை வைத்தாள்.

“டீச்சர், இது குழாயில இருந்தது. இதுல கீரையை வச்சுக் கொட்டினது நான்தான். அக்கா இல்ல.”

பெரிய டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்தார். அவரும் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதில் கெட்டிக்காரர்தான்.

“ஒரு கைக்குட்டை அளவு கீரைக்கா இவ்வளவு பெரிய குழாய் அடைச்சுது?”

“ஒரு தடவை இல்ல டீச்சர். நிறைய தடவை.”

“அப்பவும் போதாதே. மீதியெல்லாம் யார்?”

“நான் செஞ்சதைத்தான் டீச்சர் நான் சொல்ல முடியும்.”

“யாரைக் காப்பாத்தறே?”

கதவுப் பக்கம் ஏதோ சரசரத்தது. கதவு திறந்தது. ரேடியோ நின்றிருந்தான். அவள் தங்களைக் காட்டிக் கொடுக்கத்தான் போகிறாள் என்று சந்தேகப்பட்டு, பின்னாலேயே வந்து ஒட்டுக் கேட்டிருக்கிறான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

“என்னோடது சாக்ஸ்ல டீச்சர்” என்றான். “ரெண்டு சாக்ஸ்லயும். அப்புறம்... அக்காவைப் பத்தி, மாமாவைப் பத்தி தப்புத் தப்பாப் பேசினதும் நான்தான்.”

அவனுக்குப் பின்னால் முன்வரிசைப் பெண் எட்டிப் பார்த்தாள். “பென்சில் பெட்டி டீச்சர்.”

“மழைக்கோட்டு” என்றான் இரட்டையரில் ஒருவன்.

“பல்லி” என்றான் இன்னொருவன்.

“பல்லியா?”

“பல்லி இல்ல டீச்சர். பல்லின்னு கத்தினது நான்.”

பெரிய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். “இத்தனை பேரா! சத்துள்ள கீரை, எவ்வளவு தூரத்துலேருந்து வரவழைக்கறேன்... ஒரு வாய்கூடவா உங்களால சாப்பிட முடியல?”

அப்போதுதான் துப்புவின் பார்வை ஜன்னலுக்குப் போனது. ஊறிய புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. அதில் ஒரு ரோஜாச் செடி. செடியின் அடியில் கொழகொழவென்று, சாம்பல் பச்சையாக ஏதோ கிடந்தது. புதிதாகவும் பழையதாகவும், அடுக்கு அடுக்காக.

அவள் தொட்டியைப் பார்த்தாள். பெரிய டீச்சரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

பெரிய டீச்சரின் கை மெதுவாக நீண்டு, ஜன்னல் திரையைத் தொட்டியின்மேல் இழுத்துவிட்டது.

“க்கும்” என்று தொண்டையைச் செருமினார் பெரிய டீச்சர். அவர் கன்னமும் ரேடியோவின் காதும் இப்போது ஒரே நிறம். “நேத்து நானும் சரியா விசாரிக்காமப் பேசிட்டேன். அந்த அக்கா வீடு எங்கேன்னு யாருக்காவது தெரியுமா?”

“வாசல்ல மரத்தடியிலதான் இருக்காங்க டீச்சர்!” என்றாள் துப்பு.

பெரிய டீச்சர் யாரையும் அனுப்பவில்லை. தானே எழுந்து போனார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவர் அக்காவின் முன்னால் நின்று ஏதோ சொன்னார். அக்கா எழுந்து நின்றார். பெரிய டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். அக்கா இன்னொரு கையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. சல்லடை பொருத்திக்கொண்டிருந்த துப்புவின் அப்பா, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வேலையைத் தொடர்ந்தார்.

அன்று மதியம் கூடத்தில் பூண்டு வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனாலும் யாரும் உடனே நம்பிவிடவில்லை. ஒவ்வொருவரும் தட்டில் இருந்த பச்சை இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ரேடியோ அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். “பெயிண்ட் அடிச்சிருக்காரோ?” என்றான்.

“சாப்பிடு, தெரியும்” என்றாள் துப்பு.

ஒரு கடி. சரக்! ரேடியோவின் பேச்சு பாதியில் நின்றது. அடுத்த மேஜையிலும் சரக். அதற்கடுத்த மேஜையிலும் சரக். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்டது. நெட்டை மாமா இந்தத் தடவை வாசலில் நின்று தட்டுகளைப் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கும்படி தன் தட்டிலும் கீரை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

பிறகு பெரிய டீச்சர் உள்ளே வந்தார்.

“இந்த வாரம் முழுக்க உங்க தட்டை நீங்களேதான் கழுவணும்” என்றார். “சரியாக் கழுவறீங்களான்னு பார்க்க ஒருத்தரை வச்சிருக்கேன்.”

கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் பாத்திரம் கழுவும் அக்கா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சூடான கீரைத் தட்டு. ஒரு தண்டைக் கடித்து மென்றுகொண்டே, வரிசையில் முதலில் நின்ற ரேடியோவின் தட்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஓரத்துல எண்ணெய் இருக்கு தம்பி. மறுபடியும் தேய்” என்றார் அக்கா.